அளவு மீறிய பூ

கல்யாணசுந்தரம் ஓர் ஆரம்பசூரர். இப்படிச் சொன்னது அவர் மனைவி விமலா. மறுத்துப் பேச அவருக்கும் வாய் வரவில்லை. கடல் தாண்டி வந்து குடியேறிய டார்னெய்ட் புறநகரில் அவர்கள் வீட்டு கராஜைத் திறந்தால் உள்ளே கார் இருக்காது. ஐந்தாம் பாடத்தோடு நின்றுபோன மிருதங்கம் இருக்கும். இரண்டு தடவை நிலாவைப் பார்த்துவிட்டு மூலையில் சாய்ந்துவிட்ட டெலஸ்கோப் இருக்கும். டயரில் காற்றே இல்லாத சைக்கிளும், அந்த சைக்கிளுக்காக வாங்கிய ஹெல்மெட், கையுறை, தண்ணீர் பாட்டில் எல்லாமும் இருக்கும். வீட்டுக் கார் பாவம், வருஷம் முழுக்க வெளியே நின்று வெயிலிலும் மேற்குக் காற்றிலும் காய்ந்துகொண்டிருக்கும்.

அவருடைய உத்தியோகமோ நேர்மாறானது. நகரத்தில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது, எங்கே அளவு தப்பியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். அதில் அவர் கெட்டிக்காரர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் கெட்டிக்காரத்தனத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அப்படிப்பட்ட மனிதருடைய கையில் குட்டி டாஃபடில் என்ற கிழங்குப் பூச்செடி எப்படி வந்து மாட்டியது என்றால், அதுவும் ஒரு கவனக்குறைவினால்தான். சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் உயரத்துக்கு மஞ்சள் பூக்கள் நிறைந்த ஒரு தொட்டி இருந்தது. வாங்கி வந்து சமையலறை ஜன்னலில் வைத்தார். பூ வாடியது, இலை மஞ்சளாகிச் சாய்ந்தது, செத்துவிட்டது என்று தீர்மானித்துத் தொட்டியைக் கொல்லைப்புறத்தில் ஹாட் வாட்டர் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். அந்த நாட்டில் குளிர் முடிகிற அடுத்த ஆகஸ்ட் மாதம் தோட்டக் குழாயைத் தேடிப் போனவர் அங்கே ஏழெட்டு மஞ்சள் பூக்கள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டார். அவர் கைப்பட்ட செடி உயிரோடு இருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். கண் கலங்கிவிட்டது.

கவனிக்காமல் விட்டதால்தான் அது பிழைத்தது என்ற எளிய உண்மை அவருக்கு உறைக்கவில்லை. தன் கைராசியால்தான் பிழைத்தது என்று நம்பினார். அந்த நம்பிக்கையோடு ஒரு டாஃபடில் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

சங்கத்தில் எல்லோருக்கும் வயது எழுபதுக்கு மேல். அவர்களில் பெவர்லி என்ற அம்மாள்தான் குட்டிப் பூக்களுக்கு அதிகாரி. நல்ல உயரம், குரலும் கனம். அவர் வீட்டுக் கொட்டகையில் சின்னச் சின்னத் தொட்டிகளாக அடுக்கி வைத்திருந்ததைக் கல்யாணசுந்தரம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்று மஞ்சள் பாவாடையை விரித்துக் கவிழ்த்ததுபோல் இருந்தது, இதழ் என்று பெயருக்கு நாலு நூல் மட்டும். இன்னொன்றில் இதழெல்லாம் பின்பக்கமாக மடங்கி, எதிர்க்காற்றில் ஓடும் முயலின் காது மாதிரி இருந்தது. மற்றொன்று வெள்ளை, சட்டைப் பொத்தான் அளவு. அதைப் பார்க்க மண்டியிட வேண்டியிருந்தது. மண்டியிட்டார். ஐம்பதைத் தாண்டிய முழங்கால்கள், எழுந்திருக்கப் பெவர்லிதான் கை கொடுத்தார்.

பெரிய டாஃபடில்கள் கூட்டமாக நின்று தலையாட்டுகிறவை. தூரத்தில் காரில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். இந்தக் குட்டிகள் அப்படியில்லை. நீ குனிந்தால்தான் உனக்கு என்னைத் தெரியும் என்கிற ஜாதி. வாழ்நாள் முழுக்க அரைகுறையாகவே எதையும் பார்த்துப் பழகிய கல்யாணசுந்தரம், இவற்றின் முன்னால் மட்டும் அரை மணி நேரம் அசையாமல் இருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

பார்த்து ரசிப்பதோடு நிறுத்தியிருக்கலாம். இனக்கலப்பு செய்து புது ரகம் உண்டாக்க வேண்டும் என்று கிளம்பினார். ஒரு பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் எடுத்து இன்னொரு பூவின் நடுக்காம்பு நுனியில் தடவ வேண்டும். இரண்டு வசந்தம் தன் சூப்பர் மார்க்கெட் பூவுக்கே தடவிக்கொண்டிருந்தார். காய் பிடிக்கவே இல்லை. மூன்றாம் வருஷம் பெவர்லியிடம் குறைபட்டுக்கொண்டபோது அவர் ரொம்ப நேரம் சிரித்தார். அந்த ரகம் காய்க்காத ரகமாம். உலகத்தில் டாஃபடில் வளர்க்கும் எல்லோருக்கும் தெரியுமாம். இரண்டு வருஷம் மலட்டுப் பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைத்த புரோகிதர் தான் ஒருவர்தான் என்பதை அவர் விமலாவிடம் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ட்ரெட்மில் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணசுந்தரத்துக்கும் விமலாவுக்கும் கல்யாணம் நடந்தது ஓர் ஆவணி மாதத்தில். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அவர் தவறாமல் பரிசு வாங்கித் தருவார். முதல் வருஷம் மிக்ஸி. அப்புறம் ரைஸ் குக்கர், வாக்யூம் கிளீனர், காற்றில் பொரிக்கும் அடுப்பு. அன்று சாயங்காலமே விமலா திண்டுக்கல்லில் இருக்கும் தன் தங்கை சிவகௌரிக்குப் போன் போடுவாள். சமைத்துக்கொண்டே பேசுவதால் போன் ஸ்பீக்கரில் இருக்கும். "ஆமாண்டி, இந்த வருஷமும் கரண்ட்ல ஓடுறதுதான்" என்பாள். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்யும் கல்யாணசுந்தரத்துக்கு, தங்கை சிரிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

இருபதாம் வருஷம் ட்ரெட்மில் வாங்கினார். நல்ல எண்ணத்தில்தான் வாங்கினார். விமலா அந்தச் சமயம் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்பு ரிப்பன் கட்டி, கூடத்தின் நடுவில் நிறுத்தி, "சர்ப்ரைஸ்!" என்றார். விமலா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். சமையலறைக்குத் திரும்பிப் போனாள். அன்று சாயங்காலம் திண்டுக்கல்லுக்குப் போன் போகவில்லை. அப்போதுதான் தான் செய்த காரியம் அவருக்குப் புரிந்தது. போன் பேசிச் சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

ட்ரெட்மில்லும் கராஜுக்குப் போய் மிருதங்கத்துக்குத் துணையானது. கல்யாணசுந்தரம் மனதுக்குள் ஒரு சபதம் எடுத்தார். இருபத்தைந்தாம் வருஷத்துக்குள் தன் கையாலேயே ஒரு புதுப் பூவை உண்டாக்குவது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு குட்டி டாஃபடில். அதற்கு 'விமலா' என்று பெயர் வைப்பது. ஆவணி மாதமும் சங்கத்தின் டாஃபடில் கண்காட்சியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருவதால், கண்காட்சி மேஜையில் அந்தப் பெயரோடு பூ நிற்கும்போது அவளை அழைத்துப் போய்க் காட்டுவது. அன்று சாயங்காலம் திண்டுக்கல் போனில் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிடுவது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த வசந்தத்தில், பெவர்லி கொடுத்த காய்க்கும் ரகம் ஒன்றுக்கு, முயல்காதுப் பூவின் மகரந்தத்தைத் தடவினார். காய் பிடித்தது. நவம்பரில் கருஞ்சீரகம்போல் மின்னும் விதைகள் கிடைத்தன. விதைத்தார். முதல் வருஷம் புல் மாதிரி ஒற்றை இலை வந்தது. பூ வர நாலைந்து வருஷம் ஆகும் என்றார் பெவர்லி. கோடையில் இலை காய்ந்ததும் தொட்டிக்குத் தண்ணீரே விடக் கூடாது என்றும் சொன்னார்.

தண்ணீர் விடக் கூடாதா? நாற்பது டிகிரி வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அதைப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் மோர் குடிப்பதா? காவிரித் தண்ணீருக்குச் சண்டை போடுகிற ஊரிலிருந்து வந்தவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு செம்பு, ஒரே ஒரு செம்பு என்று ஊற்றினார். தொட்டிகளில் கிழங்குகள் ஒவ்வொன்றாக அழுகின. பிழைத்தது ஒரே ஒரு தொட்டி. அது எங்கே இருந்தது? ஹாட் வாட்டர் பெட்டிக்குப் பின்னால், அவர் மறந்துபோன இடத்தில். இரண்டாவது தடவையும் அதே பாடம். இரண்டாவது தடவையும் அவர் தேறவில்லை.

அந்த ஒற்றைக் கிழங்கை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பார்த்து விமலாவுக்கே ஆச்சரியம். "என்னங்க, இது இன்னும் கராஜுக்குப் போகலயா?" என்று வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டுவைப்பாள். அவர் பதில் சொல்லாமல் சிரிப்பார்.

இருபத்தைந்தாம் வருஷம், ஜூலைக் கடைசியில், அந்தத் தொட்டியில் மொட்டு வந்தது.

பெவர்லிக்குப் போன் செய்தார். அவர் மூன்று விஷயங்களை அழுத்திச் சொன்னார். உரம் போடாதே, பட்டினி போடு. குட்டிப் பூ குட்டியாக இருப்பதுதான் அதன் மானம். பூவின் விட்டம் ஐம்பது மில்லிமீட்டருக்கு மேல் போனால் போட்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாணசுந்தரம் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்றார்.

போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். நூல்போல் ஒரு தண்டு, அதன் உச்சியில் ஒரு மொட்டு. அதற்கு வைக்கப்போவது விமலாவின் பெயர். அதைப் பட்டினி போடுவதா? காசு கேட்டு வருகிறவனைக்கூடச் சாப்பிட்டுப் போ என்று சொல்லும் வீட்டில் பிறந்தவர் அவர். மறுநாள் ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் ஹார்டுவேர் கடைக்குப் போய், 'பிளட் அண்ட் போன்' மூட்டை ஒன்று வாங்கினார். ஆட்டு ரத்தமும் எலும்பும் காய வைத்து அரைத்த தூள். பரம்பரைச் சைவக் குடும்பம். விமலா முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துத் தள்ளி வைக்கிறவள். ஆகவே மூட்டையை இட்லி அரிசிப் பைக்குள் செருகி, ட்ரெட்மில்லுக்கு அடியில் ஒளித்தார். தினமும் காலையில் ஒரு சிட்டிகை. விபூதி எடுப்பதுபோல் எடுத்துத் தூவிவிட்டுக் கையை மூன்று தடவை கழுவுவார்.

பக்கத்து வீட்டு அன்னமலர் ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மன்னாரிலிருந்து வந்தவர், முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. அவருடைய கணவர் யோன் சனிக்கிழமை தவறாமல் வெரிபி சவுத் கடற்கரையில் தூண்டிலோடு நிற்பவர்.

"என்ன அண்ணை, இந்தப் பூக்கண்டு இவ்வளவுதானோ? இனி வளராதோ?"

"வளரக் கூடாதுங்க. சின்னதா இருக்கிறதுதான் இதுக்கு அழகு. சாப்பாடே போடக் கூடாதாம்."

"ஐயோ பாவம்! நோஞ்சான் பிள்ளை மாதிரியெல்லோ நிக்குது. பாக்கேலாமல் கிடக்கு அண்ணை."

"ரூல் அப்படிங்க. நான் ஒண்ணுமே போடறதில்ல" என்றார் கல்யாணசுந்தரம், விரல் இடுக்கில் ரத்தத் தூளோடு.

விமலாவிடமும் அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அந்தத் தொட்டியை மட்டும் நீ தொடாத. அது ரொம்ப சென்சிடிவ்." விமலா, "நான் ஏங்க தொடப்போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் பூ விரிந்தது. பின்னுக்கு லேசாக மடங்கிய எலுமிச்சை மஞ்சள் இதழ்கள், நடுவில் அதைவிட ஒரு பிடி அடர்த்தியான கிண்ணம், விளிம்பில் மெல்லிய சுருக்கம். கல்யாணசுந்தரம் மண்டியிட்டுப் பார்த்தார். தான் உண்டாக்கியது இது. எதையும் முடிக்காதவன் முடித்தது. ஸ்கேலை எடுத்து அளந்தார். நாற்பத்தாறு. அளவுக்குள்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் அவர் அளக்கவில்லை.

பூ விரிந்த பிறகும் நாலைந்து நாள் வளரும் என்று பெவர்லி சொல்லித்தான் இருந்தார். ஆபீஸாக இருந்தால் தினம் மூன்று தடவை சோதித்திருப்பார். ஆனால் வளர்கிற பிள்ளையைத் தினமும் அளந்து பார்ப்பார்களா? கண் பட்டுவிடாதா? தனக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று சிட்னியில் படிக்கும் மகள் பார்கவியிடம் மணிக்கணக்காக வாதாடியவர், ஸ்கேலைக் கொண்டுபோய் டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். போதாததற்கு விமலாவின் கண்மையை எடுத்துத் தொட்டியின் கன்னத்தில் ஒரு பொட்டும் வைத்தார். நாளுக்கு நாள் பூ செழிப்பாகத் தெரிந்தது. என் கண்ணே பட்டுடும்போல இருக்கே என்று மகிழ்ந்து, இன்னொரு சிட்டிகை போட்டார்.

கண்காட்சி நகரத்தின் மறுகோடியில், மலையடிவாரத்து ஹால் ஒன்றில். கல்யாண நாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. "நீயும் வரணும்" என்று விமலாவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். ஒரு பயணமாகவும் இருக்கும் என்று அன்னமலரும் ஏறிக்கொண்டார். பூவைக் காம்போடு வெட்டி, இருமல் மருந்து பாட்டிலில் செருகி, விமலாவின் கையில் கொடுத்தார். வழியெல்லாம் ஹைவேயில் எண்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள்.

"ஏங்க, இந்தப் பூவுக்கு என்ன பேரு?" என்றாள் விமலா.

"அங்க வந்து பாரு."

ஹாலில் ஒரு மூலைக்குப் போய், யாரும் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு, பெயர் அட்டையில் 'விமலா' என்று ஆங்கிலத்தில் எழுதினார். குட்டிப் பூக்களுக்கான மேஜையில் பூவை வைத்தார். நடுவர்கள் பார்க்கும்வரை எல்லோரும் வெளியே போக வேண்டும் என்றார்கள். வெளியே தேநீர் குடித்தபடி அவர் மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். மூன்றே வாக்கியம். இது நான் உண்டாக்கின பூ. உலகத்துல இது ஒண்ணுதான். இதுக்கு உன் பேர்.

கதவு திறந்தது. விமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக அந்த மேஜைக்குப் போனார். அன்னமலர் பின்னால் வந்தார்.

பூ இருந்தது. அதன் முன்னால் அவர் எழுதிய அட்டை இருந்தது. அட்டையின் குறுக்கே சிவப்பு மையில், பெரிய எழுத்தில், நடுவர் எழுதியிருந்தார். விமலா அதைச் சத்தமாகவே படித்தாள்.

"விமலா. ஓவர்சைஸ்."

சுற்றி நின்ற இரண்டு வெள்ளைக்காரப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணசுந்தரம் விமலாவின் கையை விட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைகள் அவர் வாழ்க்கையில் நிறைய உண்டு. ஆனால் குரங்கின் கழுத்தில் மனைவியின் பெயரை எழுதித் தொங்கவிட்டது இதுதான் முதல் தடவை.

விமலா அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ட்ரெட்மில்லோட முடிஞ்சதுன்னு நினைச்சேன்" என்றாள். குரல் தாழ்ந்து இருந்தது. அவள் கோபப்படவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

"இல்ல விமலா. இது... நான் சொல்ல வந்தது என்னன்னா..." ஒத்திகை பார்த்த மூன்று வாக்கியத்தில் ஒன்றுகூட வரவில்லை. "பூதான் பெருசு. உன்னைச் சொல்லல. பூவுக்கு உன் பேரு. பூ பெருசாயிடுச்சு. ஐம்பது மில்லிமீட்டர்தான் ரூல்." பேசப் பேச நிலைமை இன்னும் மோசமாவது அவருக்கே தெரிந்தது.

நல்லவேளை, பெவர்லி வந்தார். நடுவே வட்ட ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை அவர் கையில் இருந்தது. அதைப் பூவின் மேல் வைத்துக் காட்டினார். பூ நுழையவில்லை, எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டு நின்றது. "அழகான பூ, கல்யான். ஆனால் இதற்கு நீ என்னத்தைக் கொடுத்துத் தொலைத்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒன்றும் கொடுக்கவில்லை" என்று ஆரம்பித்தவர், பெவர்லி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வையில் உடைந்தார். "கொஞ்சம் பிளட் அண்ட் போன். தினமும்."

விமலா திரும்பினாள். "நம்ம வீட்டுலயா? எங்க வச்சிருக்கீங்க?"

"இட்லி அரிசிப் பையில."

"கடவுளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, பூவைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்: "நானும்தாங்க ஊத்தினேன்."

"என்னது?"

"அரிசி கழுவின தண்ணி. நீங்க ஆபீஸ் போனதும். தொடாதன்னு சொன்னீங்க, நான் தொடவே இல்ல, மேலருந்துதான் ஊத்தினேன். அது இவ்வளவு ஒல்லியா இருந்தா எப்படிங்க பாத்துக்கிட்டு இருக்கிறது?"

அன்னமலர் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றார். "அக்கா, நான் ஒண்டு சொன்னா கோவிக்கப்படாது. நீங்கள் சைவம் எண்டு தெரியும், அதான் சொல்லேல்லை. அவர் பிடிச்சுக்கொண்டு வாற மீன் கழுவின தண்ணி... வேலிக்கு மேலால நானும் ஊத்தினனான். ஒவ்வொரு சனிக்கிழமையும்."

கல்யாணசுந்தரம் இதையெல்லாம் பெவர்லிக்கு மொழிபெயர்த்தார். ரத்தம், எலும்பு, அரிசித் தண்ணீர், மீன் தண்ணீர். பெவர்லி சிரித்த சிரிப்பில் ஹாலே திரும்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கவலைப்படாதே. அடுத்த வருஷம் பட்டினி போடு. தண்ணீர் மட்டும். அளவுக்குள் வந்துவிடும், பரிசும் வரும்" என்று தோளில் தட்டினார்.

கல்யாணசுந்தரத்துக்கு உயிர் வந்தது. விமலாவின் பக்கம் திரும்பி, "பாத்தியா? அடுத்த வருஷம் கண்டிப்பா. ஒரு சிட்டிகைகூட போட மாட்டேன். பட்டினியே போட்டுடறேன்" என்றார்.

விமலா புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். பூவுக்கு நேராக முகத்தை வைத்து, அந்தக் கிண்ணத்தையும் விளிம்புச் சுருக்கத்தையும் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள், லேசான தேன் வாசம் இருந்திருக்க வேண்டும்.

"இது நீங்களே உண்டாக்கினதா?"

"ஆமா."

"கடையில கிடைக்காதா?"

"எங்கயும் கிடைக்காது. உலகத்துல இந்த ஒரு கிழங்குதான்."

"எத்தனை வருஷமா?"

"ட்ரெட்மில் வாங்கின வருஷத்துலருந்து."

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் நீர் நின்றது. "அஞ்சு வருஷமா ஒரு காரியத்தை விடாம செஞ்சிருக்கீங்க. நீங்க!" என்றாள். பிறகு விரலை நீட்டி, வகுப்பில் பையனைக் கண்டிக்கிற டீச்சரைப்போல் சொன்னாள்: "பட்டினி போடறதா இருந்தா என் பேரை எடுத்துடுங்க. என் பேரை வச்சுக்கிட்டு ஒண்ணும் பட்டினி கிடக்க வேண்டாம்."

"அப்ப பரிசு கிடைக்காதே?"

"கிடைக்காட்டி போகுது. அந்த அட்டையை எனக்கு வாங்கிக் குடுங்க."

தள்ளுபடியான அட்டையைக் கேட்டு வாங்கிப்போன முதல் ஆள் அவள்தான் என்று பெவர்லி சொன்னார். திரும்பும்போதும் பாட்டில் விமலாவின் கையில்தான் இருந்தது. சாயங்காலம் வீடு வந்ததும், அட்டை ஃபிரிட்ஜ் கதவில், பெருமாள் படத்துக்குக் கீழே காந்தத்தால் ஒட்டப்பட்டது. பூ சமையலறை ஜன்னலுக்குப் போனது.

மறுநாள் கல்யாண நாள். குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போது திண்டுக்கல்லுக்குப் போன் போட்டாள் விமலா. வழக்கம்போல் ஸ்பீக்கர். கூடத்தில் கல்யாணசுந்தரம் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வரிகூட ஏறவில்லை. காதெல்லாம் சமையலறையில்.

"என்னக்கா, வெள்ளி விழா! இந்த வருஷம் என்ன, வாஷிங் மெஷினா?" என்றது சிவகௌரியின் குரல், சிரிப்பதற்குத் தயாராக.

"கரண்ட்ல ஓடுறது இல்லடி" என்றாள் விமலா. "பூ. என் பேர்ல ஒரு பூ. அவரே அஞ்சு வருஷம் உக்காந்து உண்டாக்கினது. நேத்து இங்க பெரிய கண்காட்சி, வெள்ளைக்காரங்க எல்லாரும் வந்து பாத்தாங்க."

"அய்யோ அக்கா! பரிசு குடுத்தாங்களா?"

"பரிசா? போட்டியிலயே சேத்துக்கலடி" என்றாள் விமலா. கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு மேலாக, அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, குரலை உயர்த்திச் சொன்னாள்: "அவங்க வச்சிருக்கிற அளவுக்குள்ள நான் அடங்கலையாம்!"